காலி டின்னின் விலை: பிறையிலும் ஜார்ஜ் டவுனிலும் மறுபயன்பாட்டின் வரலாறு

பினாங்குத் தீவையும் அதன் எதிர்க்கரையான செபராங் பிறையையும் பற்றிய வரலாற்று நூல்கள் மிளகு, சர்க்கரை, வெள்ளீயம், ரப்பர் எனக் கப்பலேறிச் சென்ற சரக்குகளின் கணக்கை விரிவாகவே பதிந்துள்ளன. அவற்றுக்கு எதிர்த்திசையில் வந்திறங்கிய மண்ணெண்ணெயும் டின்பாலும் தீர்ந்த பின் எஞ்சிய காலி டின்கள் எங்கே போயின என்ற கேள்விக்கு அந்நூல்களில் இடம் குறைவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை அவை எளிதில் குப்பைக்குப் போகவில்லை. வாளியாகவும், கூரைத் தகடாகவும், அரிசி அளக்கும் படியாகவும், விளக்காகவும், கோப்பி வாங்கிச் செல்லும் குவளையாகவும் மாறி இன்னொரு காலம் உழைத்தன. இதை முன்னோரின் சிக்கனக் குணத்துக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். சிக்கனம் இருந்தது உண்மையே. ஆனால் குணத்தை மட்டும் காரணமாகக் கொண்டால், அதே குடும்பங்களின் அடுத்த தலைமுறை பிளாஸ்டிக் கலன்களை ஏன் அவ்வாறு கையாளவில்லை என்பதற்கு விடை கிடைக்காது. காலி டின்னுக்கு ஒரு விலை இருந்தது. அதை வெட்டி மடக்கிப் பற்றவைக்கத் தெரிந்தவர் நடந்து போகும் தொலைவில் இருந்தார். அவர் கடை போட்டுப் பிழைக்கக்கூடிய வாடகையில் நகருக்குள் இடமும் இருந்தது. இம்மூன்றும் ஒருங்கே அமைந்திருந்த ஒரு காலத்தின் வரலாறாகவே இதைப் பார்ப்பது பொருந்தும்.

பிறை ஆறு பினாங்கு நீரிணையில் கலக்கும் இடத்தின் தென்கரையில் பிறை அமைந்துள்ளது. வடகரையில் பட்டர்வொர்த், நீரிணைக்கு அப்பால் ஜார்ஜ் டவுன். ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தக் கரைப்பகுதி முழுவதும் வெல்லஸ்லி மாநிலம் என்ற பெயரில் பினாங்குடன் சேர்த்து ஆளப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் பிறையில் தொடங்கிய இருப்புப்பாதை 1909-இல் ஜொகூர் பாரு வரை தொடர்ச்சியாக நீண்டபோது, தீவுக்குப் போகிற வருகிற ஆளும் சரக்கும் மாறி ஏறும் முனையாக இவ்வூர் ஆயிற்று. 1967-இல் அந்த இடம் பட்டர்வொர்த்துக்குப் போகும் வரை அப்படியே நீடித்தது. ஜார்ஜ் டவுனில் மணிக்கூண்டுடன் எழும்பிய ரயில்வே கட்டடத்தில் எல்லாம் இருந்தன, தண்டவாளத்தைத் தவிர. பயணி படகேறிப் பிறைக்கு வந்துதான் வண்டி பிடிக்க வேண்டும். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய தமிழர் பலர் தோட்டங்களுக்குப் பிரிந்து சென்றதும், மண்ணெண்ணெய்ப் பெட்டிகளும் பால் பெட்டிகளும் உள்நாட்டுக்குப் பிரிந்து சென்றதும் இந்தத் துறைமுகத்தையும் இருப்புப்பாதையையும் பற்றியே.

தகரம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது மெல்லிய இரும்பு அல்லது எஃகுத் தகட்டின் இருபுறமும் வெள்ளீயத்தை மிக மெல்லிதாகப் பூசிய பொருளாகும். இந்தப் பூச்சு இரும்பைத் துருவினின்று காக்கிறது. அதைவிட முக்கியமாக, வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்றாசை எளிதில் ஏற்றுக்கொள்கிறது, அதாவது பெரிய உலைக்களம் இல்லாமலே கரியடுப்பில் காய்ச்சிய ஒரு சூட்டுக்கோலைக் கொண்டு இரு தகடுகளை ஒட்டிவிடலாம். தமிழ்நாட்டுத் தெருக்களில் பித்தளைப் பாத்திரத்தைப் பழுக்கக் காய்ச்சி, நவச்சாரம் தூவி, ஈயம் பூசித் தந்தவர்கள் பயன்படுத்தியதும் இதே உலோகத்தைத்தான். மலேசியத் தமிழர் பேச்சில் ஈயம் என்றாலே வெள்ளீயம்தான். பேராக் மாநிலத்தின் லாருட், கிந்தா வட்டாரங்களின் ஈயக் குட்டைகளிலிருந்து எடுத்த தாதுவில் பெரும்பகுதி பினாங்குத் துறைமுகத்தைச் சுற்றி உருக்கப்பட்டது. ஜார்ஜ் டவுனின் டத்தோ கிராமாட் சாலையில் சீன முதலாளிகள் தொடங்கிய உருக்காலை பின்னர் ஈஸ்டர்ன் ஸ்மெல்டிங் நிறுவனமாக வளர்ந்தது. ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் நிறுவனம் 1902-இல் பட்டர்வொர்த்தில் தன் உருக்காலையைத் திறந்தது. அந்தக் கட்டியீயம் கடல் கடந்து, தகரத் தகட்டுக்குப் பெயர்பெற்ற தெற்கு வேல்ஸின் லனெல்லி, சுவான்சி ஆலைகள் போன்ற இடங்களில் இரும்பின்மேல் பூச்சாகி, பின்னர் எண்ணெயையும் பாலையும் சுமந்துகொண்டு கீழ்த்திசைத் துறைமுகங்களுக்கே திரும்பி வந்தது. கிந்தாவில் மண் அலசிய தொழிலாளி வீட்டு விளக்குக்கு எண்ணெய் வந்த டின்னில் அவர் அலசிய ஈயமே ஒரு துளி ஒட்டியிருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

மண்ணெண்ணெய் டின்னின் வடிவத்தை அமெரிக்க வணிகமே நிலைநிறுத்தியது. ஐந்து அமெரிக்கக் கேலன், அதாவது ஏறத்தாழ 19 லிட்டர் கொள்ளும் சதுரத் தகர டின்கள் இரண்டை ஒரு மரப்பெட்டியில் அடைத்து அனுப்புவது ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தின் முறை. பிரிட்டிஷ் அளவில் இது நான்கு கேலனைச் சற்றுத் தாண்டும் என்பதால் மலாயாவில் நான்கு கேலன் டின் என்றே வழங்கிற்று. வட்டத்தைவிடச் சதுரம் பெட்டிக்குள் இடைவெளியின்றி அடங்கும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. ஆனால் டின்னை அறுத்து விரித்தால் வளைவில்லாத தகடு கிடைக்கும் என்ற வசதி, வாங்கியவருக்குத்தான் பயன்பட்டது. நான்கு பக்கங்களையும் பிரித்தால் ஏறக்குறைய மூன்றடி நீளமும் ஓரடிக்கு மேற்பட்ட அகலமும் உள்ள தகடு கைக்கு வந்துவிடும். மரப்பெட்டியோ பலகையாகவும், பெட்டியாகவே நின்றால் நாற்காலியாகவும் அலமாரியாகவும் ஆகும்.

காலி டின்னுக்கு இருந்த மதிப்பு எவ்வளவு என்பதை எண்ணெய் வணிகத்தின் ஒரு பெரும் போட்டியே வெளிப்படுத்தியது. லண்டன் வணிகர் மார்க்கஸ் சாமுவேல், ரஷ்ய மண்ணெண்ணெயைக் கருங்கடல் துறைமுகமான பாத்தூமியிலிருந்து டின்களில் அடைக்காமல், தொட்டிக்கப்பலில் மொத்தமாக நிரப்பிச் சூயஸ் கால்வாய் வழியே கீழ்த்திசைக்கு அனுப்பத் திட்டமிட்டார். அதற்கெனக் கட்டிய மியூரெக்ஸ் என்னும் கப்பல் 1892 ஆகஸ்டில் கால்வாயைக் கடந்து சிங்கப்பூருக்கும் பாங்காக்குக்கும் சரக்கைக் கொண்டுவந்தது. பின்னாளில் ஷெல் எனப் பெயர்பெற்ற நிறுவனத்தின் அடித்தளம் இதுவே. டின்னும் பெட்டியும் இல்லாததால் செலவு குறையும், விலையும் குறையும், மக்கள் தங்கள் சொந்தப் பாத்திரங்களைக் கொண்டுவந்து வாங்கிச் செல்வார்கள் என்பது கணக்கு. கணக்கு தப்பியது. ஸ்டாண்டர்ட் நிறுவனத்தின் நீல நிற டின், எண்ணெயோடு சேர்த்து வாங்கப்படும் இன்னொரு பண்டமாகவே கீழ்த்திசை முழுவதும் ஆகியிருந்தது; கூரை வேய்வதிலிருந்து பறவைக் கூண்டு, தேயிலை வடிகட்டி, அபின் கிண்ணம் வரை அதிலிருந்து செய்யப்பட்டன. டின் இல்லாத எண்ணெயை மலிவாகக் கொடுத்தாலும் வாங்குபவருக்கு அது நட்டமாகவே பட்டது. செய்தி எட்டியதும் சாமுவேல் ஒரு கப்பல் நிறையத் தகரத் தகட்டை அனுப்பி, ஆங்காங்கே டின் செய்யும் பட்டறைகளை நிறுவச் சொன்னார். புத்தம்புதிதாக, பளபளக்கும் சிவப்பு நிறத்தில் வந்த அந்த டின்கள், நெடும்பயணத்தில் கீறலும் ஒடுக்குமாக வந்த நீல டின்களைவிட விரும்பப்பட்டன. உலகின் மிகப் பெரிய எண்ணெய் நிறுவனங்களுள் ஒன்று, காலி டின்னை மறந்ததால் தொடக்கத்திலேயே தடுமாறியது என்பது பொருளியல் பாடநூல்களில் இடம்பெறத் தக்க நிகழ்ச்சி. ஏழை வீட்டு அடுக்களையின் கணக்கு லண்டன் அலுவலகத்தின் கணக்கைத் திருத்திய இடம் அது.

பினாங்கில் இந்த டின்னைப் பலபொருளாக்கியவர் தகர வேலை செய்வோர். உலோக வேலை ஜார்ஜ் டவுனுக்குப் புதியதன்று. ஹொக்கியன் சீனர் பேச்சில் ஆர்மீனியன் தெரு செம்பு தட்டுவோர் தெருவாகவும், பீச் தெருவின் ஒரு பகுதி இரும்பு தட்டுவோர் தெருவாகவும் வழங்கின. இவற்றோடு ஒப்பிடத் தகர வேலைக்கு முதலீடு மிகக் குறைவு. ஒரு பெரிய கத்தரி, மரச்சுத்தி, விளிம்பை மடக்க ஓர் இரும்புக் கட்டை, கரியடுப்பு, இரண்டு சூட்டுக்கோல், பற்றாசுக் கம்பி ஆகியவை இருந்தால் ஐந்தடி வழியிலேயே தொழில் தொடங்கிவிடலாம். ஐந்தடி வழி என்பது கடைவீட்டின் முன்புறம் கூரைக்கடியில் விடப்பட்ட நடைபாதை; சட்டப்படி அது நடப்போருக்கு உரியது, நடைமுறையில் பாதி தொழிலாளிக்கு உரியது. தகர வேலையின் அடிப்படை நுட்பம் விளிம்பை மடக்குவதில் உள்ளது. வெட்டிய தகட்டின் ஓரம் கையை அறுக்கும். அதை ஒருமுறை மடக்கினால் கூர்மை மறையும், உள்ளே கம்பி வைத்துச் சுருட்டினால் கலனுக்கே வலிமை கூடும், இரு ஓரங்களை ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்துத் தட்டினால் பற்றாசு இல்லாமலே மூட்டு நிற்கும். நீர் ஒழுகக் கூடாத பொருளுக்கு மட்டும் மூட்டின்மேல் பற்றாசு ஓட்டப்படும்.

இவ்வாறு பிறந்த பொருள்களை முழுவதும் பட்டியலிட முடியாது. சிலவற்றின் அமைப்பைக் கூறினால் போதும். மேல்மூடியை அகற்றிக் குறுக்கே ஒரு மரத்துண்டை ஆணியடித்தால் தண்ணீர் வாளி ஆயிற்று. குழாய் வீட்டுக்குள் வராத காலத்தில் பொதுக் குழாயிலிருந்தும் கிணற்றிலிருந்தும் வீட்டுக்கு வந்த தண்ணீருக்கு இதுவே ஏற்ற கலன். இரண்டு டின்னை ஒரு கம்பின் இருமுனையிலும் தொங்கவிட்டால் சுமை 38 கிலோ அளவில் இருக்கும். டின்னை மூலைவிட்டமாக அறுத்தால் ஒரே டின்னிலிருந்து இரண்டு குப்பை முறங்கள் கிடைக்கும். நெட்டுக்குத்தாக ஒரு கைப்பிடியைப் பொருத்தினால் குனியாமலே பெருக்கித் தள்ளலாம். பக்கத்தில் ஒரு வாயைத் திறந்து உட்புறம் களிமண் பூசினால் கரியடுப்பு. தகட்டில் ஆணியால் நெருக்கமாகத் துளையிட்டு, துளையின் சொரசொரப்பான பக்கத்தை மேலே வைத்துப் பலகையில் அடித்தால் துருவி. துளசியும் கறிவேப்பிலையும் வளரும் தொட்டியாக டின் நிற்பதற்கு எந்தக் கைவினைஞரும் தேவையில்லை. அடியில் இரண்டு ஓட்டை போதும்.

பிறையைச் சூழ்ந்த தோட்டங்களில் இந்த டின்னின் வாழ்வு நகரத்திலிருந்து வேறுபட்டிருந்தது. வெல்லஸ்லி மாநிலத்தில் சீனர் தொடங்கிய கரும்புப் பயிரை 1840-கள் முதல் ஐரோப்பியரும் மேற்கொண்டு, தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை வரவழைத்தனர். ரப்பர் வந்ததும் கரும்பு மறைந்தது, தமிழர் நின்றனர். அவர்கள் குடியிருந்த லயங்கள், அதாவது ஒரே கூரையின்கீழ் வரிசையாகத் தடுக்கப்பட்ட அறைகள், நகரக் கடைத்தெருவுக்கு எட்டத்தில் இருந்தன. எனவே தகர வேலைக்காரரைத் தேடிப் போவதைவிடக் கையில் கிடைத்ததைக் கிடைத்தபடியே பயன்படுத்துவது இங்கே மிகுதி. பால்மரம் என்று அவர்கள் அழைத்த ரப்பர் மரத்தின் பாலை ஏந்த மங்கு எனப்படும் பீங்கான் கிண்ணம் வருமுன்பும், அது போதாதபோதும் தேங்காய்ச் சிரட்டையே மரத்தில் கட்டப்பட்டது. காண்டா எனப்படும் தோள்கம்பில் பால் வாளி சுமந்த தோள், வேலை முடிந்தபின் அதே கம்பில் மண்ணெண்ணெய் டின்னைக் கட்டித் தண்ணீர் சுமந்தது. ஜார்ஜ் டவுனில் தமிழ் முஸ்லிம்கள் சோற்றையும் கறியையும் இருபுறமும் தொங்கவிட்டு விற்ற நாசி கண்டாரின் கம்பும் இந்தக் காண்டாவின் உடன்பிறப்பே. லயத்துப் பின்புறத்துக் கோழிக் கூட்டுக்கும் சமையல் தடுப்புக்கும் பிரித்த டின் தகடும் பெட்டிப் பலகையும் உதவின. துணியின் வரிசை இன்னும் நீண்டது: பழைய சேலை முதலில் தூளியாகத் தொங்கும், பின்னர் பிள்ளைக்கு விரிப்பாகும், அதன்பின் அடுப்படிக் கரித்துணியாகும்; கோதுமை மாவு வந்த வெள்ளைச் சாக்கு தலையணை உறையாகவும் உள்ளாடையாகவும் தைக்கப்பட்டது. இவை தமிழர் எங்கும் செய்தவையே. ஆனால் சம்பளத்தில் பெரும்பகுதி உணவுக்கே போய்விடும் தோட்டத்தில், இவற்றில் எதையும் விருப்பத்தால் செய்தது என்று அழகுபடுத்திச் சொல்வது நேர்மையாகாது.

மண்ணெண்ணெய் டின்னுக்கு அடுத்து வருவது பால் டின். சர்க்கரை சேர்த்துச் சுண்டக் காய்ச்சிய பாலைத் தகர டின்னில் அடைக்கும் தொழிலை 1866-இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய ஆங்கிலோ சுவிஸ் கண்டென்ஸ்டு மில்க் நிறுவனம், 1905-இல் நெஸ்லேயுடன் இணைந்தது. மலாயாவில் அதன் வணிகம் 1912-இல் தொடங்கியது பினாங்கில்தான். 1939-இல்தான் தலைமையிடம் கோலாலம்பூருக்கு மாறியது. குளிர்பதனம் இல்லாத வெப்பநாட்டில் கெடாத பால் என்பதே இதன் வலிமை. பால்மாடு வளர்த்து வீடுவீடாக ஊற்றிய தமிழ்ப் பால்காரர்களின் தொழிலுக்குப் பக்கத்திலேயே இந்த டின்பால் கோப்பிக்கடைகளையும் தேநீர்க் கடைகளையும் கைப்பற்றியது. 48 டின் கொண்ட பெட்டிகள் ஒவ்வொரு கடையிலும் தீர்ந்துகொண்டே இருந்ததால், ஒரே அளவுள்ள காலி டின்கள் ஊரெங்கும் குவிந்தன.

ஒரே அளவு என்பதே இந்த டின்னுக்கு இரண்டாவது தொழிலைத் தேடித் தந்தது. பினாங்கு உள்ளிட்ட ஆங்கிலேய நீரிணைக் குடியேற்றங்களில் அரிசி சுப்பாக், காந்தாங் என்ற முகத்தலளவைகளால் அளக்கப்பட்டது. நான்கு சுப்பாக் ஒரு காந்தாங், ஒரு காந்தாங் ஒரு பிரிட்டிஷ் கேலன், அதாவது நாலரை லிட்டர் அளவு. சுப்பாக்கே தொடக்கத்தில் அரைத் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து பிறந்தது என்பர். 300 மில்லிலிட்டர் அளவு கொள்ளும் பால் டின், கால் சுப்பாக்கை நெருங்கிற்று. ஆகவே வீட்டில் தனியாகப் படி வாங்க வேண்டியதில்லை, மூன்று டின் அரிசி என்றாலே போதும். பினாங்குக்கு அரிசி அனுப்பிய பர்மாவிலும் இது வேரூன்றியது: எட்டுப் பால் டின் ஒரு பியி, பதினாறு பியி ஒரு கூடை என்று நெல்லளவையின் ஏணியிலேயே பால் டின் முறையான படியாக ஏறிவிட்டது. யாழ்ப்பாணத்துச் சமையலறையில் சுண்டு என்று அளக்கும் அளவுக்கும் பால் பேணியே கருவி. ஐரோப்பிய ஆலை ஒன்றின் பொதிகலன், எந்த அரசாணையும் இன்றி வங்கக் கடலைச் சுற்றிய நாடுகளின் பொது அளவையாக நின்றது. மலேசியா 1972-இன் எடை அளவைச் சட்டத்தின்வழி மெட்ரிக் முறைக்கு மாறிய பின்னும் வீட்டுச் சமையல் குறிப்புகளில் டின் கணக்கு நெடுநாள் மறையவில்லை.

கோப்பிக்கடையில் இன்னொரு பயன் இருந்தது. வீட்டுக்கு வாங்கிச் செல்வோருக்குக் கோப்பியைக் காலிப் பால் டின்னில் ஊற்றி, விளிம்பருகே இரு துளையிட்டுக் கயிறு கோத்துக் கொடுப்பார்கள். டின்னின் மூடியை முழுவதும் அறுத்தெடுக்காமல் ஓரத்தில் ஒட்டவிட்டிருந்தால் அதையே மடக்கி மூடிக்கொள்ளலாம். சூடு கையில் படாது, சிந்துவதும் குறைவு. தேநீர் ஆற்றுவோர் பெரிய டின்னுக்குக் கைப்பிடி பற்றவைத்துக் குவளையாக்கினர். சிறிய டின்னின் மூடியில் திரி நுழையத் துளையிட்டு மண்ணெண்ணெய் ஊற்றினால் விளக்கு.

டின் நன்மை செய்த அளவுக்கு உள்ளிருந்த பொருள் எல்லோருக்கும் நன்மை செய்யவில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். சர்க்கரை மிகுந்த இந்தப் பாலைத் தாய்ப்பாலுக்கு மாற்றாகக் கைக்குழந்தைகளுக்குக் கொடுக்கும்படி விளம்பரம் செய்வதை, குழந்தை மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ஆற்றிய உரையில் கொலைக்கு ஒப்பிட்டுக் கண்டித்தார். பாலும் கொலையும் என்று பொருள்படும் தலைப்புக் கொண்ட அவ்வுரையைப் பன்னாட்டு நுகர்வோர் அமைப்பு 1986-இல் மறுபதிப்பாக வெளியிட்டது பினாங்கிலிருந்து. மலாயாவில் நெஸ்லேயின் பால் வணிகம் தொடங்கிய அதே ஊர்.

1941 டிசம்பர் 11 அன்று ஜார்ஜ் டவுன்மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. 19-ஆம் நாள் படைகள் நுழைந்தன. மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை வெளியிலிருந்தே பெற்றுவந்தது; அதுவும், துணி, மண்ணெண்ணெய், சோப்பு, தீப்பெட்டி, நூல் ஆகியவையும் கப்பலில் வருவது நின்றன. அதுவரை மறுபயன்பாடு கழிவுப்பொருளின் ஓட்டத்தைச் சார்ந்திருந்தது. புதிய டின் வந்தால்தான் பழைய டின் மிஞ்சும். இப்போது புதியது வரவில்லை என்பதால் ஏற்கனவே மறுபயனில் இருந்தவையே மூன்றாவது, நான்காவது வடிவத்துக்கு மாற்றப்பட்டன. டின் தகட்டுத் துருவிகள் மரவள்ளிக்கிழங்கைத் துருவின. விளக்குகளில் தேங்காயெண்ணெய் எரிந்தது. அன்னாசி இலை நாரிலிருந்து நூல் எடுக்கப்பட்டது. வண்டிச் சக்கரத்தின் பழைய ரப்பர் செருப்பானது. எரிபொருளுக்கும் மசகுக்கும் ரப்பரையே காய்ச்சி எண்ணெய் வடித்தனர். கோணிச் சாக்கை உடுத்திய காலம் என்றுதான் அத்தலைமுறை அதை நினைவுகூர்ந்தது. ஜப்பானியர் கட்டுவித்த சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தோட்டத் தமிழர் பலருக்கு எஞ்சிய உடை அதுவே. மறுபயன்பாட்டைப் புத்திசாலித்தனத்தின் கொண்டாட்டமாக மட்டும் எழுதுவோர் 1942 முதல் 1945 வரையிலான இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகின்றனர்.

போருக்குப் பின் டின்கள் திரும்பின. அவற்றோடு ஒரு விசித்திரமான சட்டமும் வந்தது. 1948-இல் அறிவிக்கப்பட்ட அவசரகாலத்தில், காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு உணவு போய்ச் சேராமல் தடுக்கும் திட்டத்தின்கீழ், கட்டுப்பாட்டுப் பகுதிகளில் டின் உணவை விற்கும் கடைக்காரர் விற்கும் இடத்திலேயே டின்னைத் துளைத்துக் கொடுக்க வேண்டும் என்ற விதி 1951-இல் நடப்புக்கு வந்தது. துளைத்த டின்னின் உணவை உடனே சமைத்தாக வேண்டும், பதுக்க முடியாது. அரசின் பார்வையில் டின்னின் ஆற்றல் அதன் காற்றுப்புகா அடைப்பில் இருந்தது. மக்களின் பார்வையில் அது தகட்டில் இருந்தது. ஒரு துளை அதைப் பாதிக்கவில்லை.

இந்தப் பழக்கத்தை உண்மையில் குலைத்தது வளமும் பிளாஸ்டிக்கும் வாடகையும் ஆகும். 1969-இல் நிறுவப்பட்ட பினாங்கு வளர்ச்சிக் கழகம் பிறையில் தொழிற்பேட்டையை விரித்தது. அதற்கு முன்பே, 1964-இல், நாட்டின் முதல் சர்க்கரைச் சுத்திகரிப்பு ஆலை இங்கே இயங்கத் தொடங்கியிருந்தது. தோட்டத்து லயங்களிலிருந்து ஆலை வேலைக்கு வந்த இளையோர் கையில் மாதச் சம்பளம் புழங்கிற்று. மின்சாரமும் எரிவாயுவும் வந்ததால் மண்ணெண்ணெய் வாங்குவதே குறைந்தது. குழாய் வீட்டுக்குள் வந்ததால் தண்ணீர் சுமப்பது நின்றது. கோப்பி பிளாஸ்டிக் பைக்கும், வாளி பிளாஸ்டிக் வாளிக்கும் மாறின. பிளாஸ்டிக்கை அலசி மீண்டும் பயன்படுத்தலாம். ஆனால் கத்தரியும் சூட்டுக்கோலும் வைத்திருந்த தொழிலாளிக்கு அதில் செய்ய எதுவுமில்லை. விரிசல் விட்ட தகர வாளிக்கு ஒரு சொட்டுப் பற்றாசு போதும். விரிசல் விட்ட பிளாஸ்டிக் வாளி குப்பை.

வாடகையின் பங்கு குறைவாகப் பேசப்படுகிறது. 1948-க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையைக் கட்டுப்படுத்திய 1966-ஆம் ஆண்டுச் சட்டம் ஜார்ஜ் டவுனின் ஆயிரக்கணக்கான கடைவீடுகளை மிகக் குறைந்த வாடகையில் வைத்திருந்தது. கூரை ஒழுகினாலும், நாளுக்குச் சில வெள்ளி மட்டும் சம்பாதிக்கும் தகர வேலைக்காரரும் பழம்பொருள் வணிகரும் நகரின் நடுவே நிலைத்திருக்க முடிந்தது. 1997-இல் சட்டம் நீக்கப்பட்டு, 1999 இறுதியில் அவகாசமும் முடிந்தபோது வாடகைகள் பலமடங்காயின. ரோப்வாக் எனப்படும் பிந்தால் தாலி சாலையில் நெடுங்காலம் நடந்த பழம்பொருள் சந்தை, பின்னர் நகர விளையாட்டரங்கை ஒட்டிய லோரோங் கூலிட்டுக்கு நகர்ந்தது. 2008 ஜூலையில் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய நகரானபின், பழைய பால் டின்னும் பிஸ்கட் டின்னும் அலங்காரப் பொருளாகத் தேடப்படுகின்றன. அவற்றுக்கு மீண்டும் ஒரு விலை வந்துள்ளது, பயனுக்காக அல்ல.

அரசும் மக்கள் அமைப்புகளும் மறுபயன்பாட்டைக் கொள்கையாகப் பேசத் தொடங்கியது இதற்குப் பிறகுதான் என்று சொல்ல முடியாது. எஸ். எம். முகமது இத்ரிஸ் 1970 முதல் 2019-இல் மறையும் வரை தலைமை தாங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம், தமிழ் உட்பட நான்கு மொழிகளில் இதழ் நடத்தி, வீணடிப்புக்கு எதிராகத் தொடர்ந்து எழுதியது. மாநில அரசு 2009 ஜூலையில் வாரத்தில் ஒருநாள் இலவசப் பிளாஸ்டிக் பையை நிறுத்தி, 2011 ஜனவரி முதல் எல்லா நாளும் பைக்கு 20 சென் வாங்கச் செய்தது. 2016 ஜூனில் வீட்டிலேயே கழிவைப் பிரிக்கும் திட்டம் அறிமுகமானது. பையை மறுப்பதும் குப்பையைப் பிரிப்பதும் இத்திட்டங்களின் உள்ளடக்கம். பிரித்த பொருளை அதே தெருவில் வேறு பொருளாக்கித் தருபவர் இவற்றில் எங்கும் வருவதில்லை. பிரித்தவை பெரும்பாலும் எடைபோடப்பட்டு வெளியே போகின்றன. போவது போலவே வருவதும் உண்டு. சீனா 2018-இல் பிளாஸ்டிக் கழிவு இறக்குமதியை நிறுத்தியதும், பணக்கார நாடுகளின் கழிவு மலேசியாவை நோக்கித் திரும்பியது; 2020 ஜனவரியில் 13 நாடுகளுக்கு 150 கொள்கலன்களில் 3,737 டன் கழிவைத் திருப்பி அனுப்பியதாக அமைச்சர் யோ பீ யின் அறிவித்த இடம் பிறை ஆற்றுக்குச் சற்று வடக்கே உள்ள பட்டர்வொர்த் கொள்கலன் முனையம். ஏறத்தாழ நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் டின் இல்லாமல் வந்த எண்ணெயை வாங்க மறுத்த அதே கடற்பகுதியில், உள்ளே ஏதுமற்ற வெறும் உறைகளே கப்பலேறி வந்து சேர்ந்தன.

பழைய வடிவம் முற்றிலும் அழிந்துவிடவில்லை. மண்ணெண்ணெய்க்காகப் பிறந்த சதுர டின்னை ஏறத்தாழ அதே உருவில் சமையல் எண்ணெய் எடுத்துக்கொண்டது; செம்பனை எண்ணெய் 17 கிலோ டின்களில் கடைகளுக்குப் போகிறது, தமிழ்நாட்டில் அதன் உடன்பிறப்பு 15 கிலோ டின்னாக நிற்கிறது. உணவுக்கடைகளில் காலியான இந்த டின்கள் இன்னும் குப்பைக் கூடையாகவும் தண்ணீர்த் தொட்டியாகவும் கிடப்பதைக் காணலாம். வாளியையும் அடுப்பையும் கூரையையும் வேறு பொருள்கள் பிடித்துக்கொண்ட போதிலும், டின்னை மூலைவிட்டமாக அறுத்து நெடுங்கைப்பிடி பொருத்திய குப்பை முறம் மட்டும் சந்தைகளிலும் கோப்பிக்கடைகளிலும் தங்கிவிட்டது. அதற்குக் காரணம் எளியது: கரியடுப்பிலிருந்து அள்ளும் தணலைப் பிளாஸ்டிக் முறத்தில் அள்ள முடியாது.